ஜூலை கடைசி வாரத்தில் வராதீர்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போது எங்கள் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் எட்டிப் பார்க்காதவர்கள், படகில் ஐஸும் டீசலும் ஏற்றத் தொடங்கியபின் பழைய மாத்திரைச் சீட்டோடு வந்து நிற்பார்கள். "டாக்டரே, நாப்பது நாளைக்கு எழுதித் தாங்க, நாளைக்கு போட் எறங்குது." பிரஷர் பார்த்தால் 180-க்கு 110. புது மாத்திரை கொடுத்தால் அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு வாரமாவது வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு ராத்திரி.

இதே இரண்டு மாதத்தில் படகுக்கு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். கரையேற்றி, பாசி சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டியிருப்பார்கள். மீன்வளத் துறையிலிருந்து வந்து படகை ஆய்வு செய்வார்கள். அதில் ஏறும் பத்துப் பன்னிரண்டு பேரின் உடம்பை யாரும் ஆய்வு செய்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், தம்பி பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் படகில் போகிறார். அண்ணனுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அரசு அங்கீகரித்த மருத்துவர் கண், காது, ரத்தம் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் கப்பலில் ஏற முடியும். தம்பிக்கு இதுவரை யாரும் கண்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் போவது ஒரே அரபிக்கடல்.

இந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருக்கிறது. கப்பல் பணியாளர்களுக்கான 2006-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் தனியாக 188-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலம், அல்லது வழக்கமாக மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் கலம் என்றால், அதில் போகிறவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. கண் பார்வையும் காது கேட்பதும் வேலைக்குப் போதுமானதாக இருக்கவேண்டும், கடலில் முற்றக்கூடிய நோயோ மற்றவர்களுக்கு ஆபத்து தரும் நோயோ இருக்கக்கூடாது. சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும், 18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரே ஆண்டு. சம்பளத்துக்குப் பதில் பிடிக்கும் மீனில் பங்கு வாங்கிப் போகிறவர்களும் மீனவர்களே என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இந்தியா இதை இன்னும் ஏற்கவில்லை. நம் படகுகளில் பெரும்பாலும் பங்குதான், மாதச் சம்பளம் இல்லை. "ஆளுக்குச் செக்கப் செய்து கூட்டி வா" என்று சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சட்டம் வரும்போது வரட்டும். கணக்கைப் பாருங்கள். படகு மணிக்கு 8 கடல் மைல் ஓடும் என்று வையுங்கள். 100 கடல் மைல் தள்ளி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் கரை சேரப் பன்னிரண்டரை மணி நேரம். கடலோரக் காவல்படையின் 1554 எண் நல்ல எண்தான், ஆனால் அந்தத் தூரத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. கரையில் இருப்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும் குடலிறக்கம்கூட அங்கே உயிரை எடுக்கும். வலை இழுக்கும்போது இறங்கிய குடல் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால், சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கலாம்.

சுகர் உள்ளவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இன்சுலினை எங்கே வைப்பீர்கள்?" ஒருவர் பெருமையாகச் சொன்னார், மீன் ஐஸுக்குள்ளேயே புதைத்து வைப்பதாக. உறைந்த இன்சுலினை நம்ப முடியாது. உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் சரியாக வேலை செய்யாது. ஐஸில் படாதபடி துணி சுற்றி, மூடி போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். கால்களையும் பாருங்கள். சுகர் காலில் மீன் முள் குத்தியது தெரியாமலே நாலு நாள் உப்புத் தண்ணீரில் நின்றவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

இனி சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. கரையில் தினமும் குடிக்கிறவர், படகில் ஏறியதும் சட்டென்று நிறுத்துகிறார். நல்லதுதானே என்று தோன்றும். ஒன்றிரண்டு நாளில் கை நடுக்கம், சிலருக்கு வலிப்பு. மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆளோடு பேசுவார், தண்ணீரில் குதிக்கப் போவார். அப்படி ஒருவரைக் கயிற்றால் கட்டிவைத்துக் கொண்டுவந்தார்கள். கடலில் எதையோ கண்டு பயந்துவிட்டார், பேய் பிடித்துவிட்டது என்றுதான் கூட வந்தவர்கள் நம்பினார்கள். பேயும் இல்லை ஒன்றும் இல்லை, குடி நின்றதால் மூளை பட்ட பாடு. மருத்துவம் இருக்கிறது, ஆனால் அது கரையில் நடக்கவேண்டிய மருத்துவம். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது வந்து உண்மையைச் சொல்லுங்கள். நான் திட்ட மாட்டேன். (வீட்டில் சொல்லவும் மாட்டேன்.)

பரிசோதனை என்றாலே வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவரிடம் "போகாதீர்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லவேண்டி வருவது அபூர்வம். பெரும்பாலும் "இந்த மாத்திரையோடு போங்கள்", "ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் போங்கள்", "இந்த ஒரு வேலையை மட்டும் விடுங்கள்" என்பதோடு முடிந்துவிடும்.

ஒரு ஸ்ராங்கு, இருபது வருடத்துக்கும் மேலாகப் படகு ஓட்டுகிறவர், கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது என்று வந்தார். வெயிலிலும் உப்புக் காற்றிலும் இருப்பவர்களுக்கு அது சகஜம். சும்மா இருக்கட்டும் என்று வண்ணப் புள்ளிகளுக்குள் எண் எழுதிய புத்தகத்தைக் காட்டினேன். முதல் பக்கத்து 12-ஐ வாசித்தார். அடுத்த பக்கத்தில், "இதுல ஒண்ணும் எழுதலையே டாக்டரே" என்றார். அதற்கடுத்ததிலும் அதே பதில். சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிரிந்து தெரியவில்லை. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே அந்த இரண்டு விளக்கில்தான் இருக்கிறது. "பின்னே எப்படி ஓட்டினீங்க?" "வெளிச்சம் நகர்றத வச்சுத்தான். எல்லாரும் அப்படித்தான்னு நினைச்சேன்."

அவர் படகை விடவில்லை. பகலில் ஓட்டுகிறார், ராத்திரிக் காவலை வேறொருவர் பார்க்கிறார். அடுத்த ஆண்டு ஜூன் முதல் வாரமே வந்துவிட்டார், தொழிலுக்குப் புதிதாக இறங்கும் 19 வயது மகனையும் கூட்டிக்கொண்டு. பையன் எல்லாப் பக்கத்தையும் கடகடவென்று வாசித்தான். இந்தக் குறை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவதில்லை, மகள் வழியாகப் பேரனுக்குத்தான் போகலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். மகளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகளாம், பெரியவனுக்கு ஏழு வயது. ஓணப் பரீட்சை லீவுக்கு வருவார்கள், கூட்டி வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.