பனிக்காலம் முழுக்கத் தூங்கும் வயிற்றுப்புழு

பிரிட்டனில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விசித்திரமான ஒரு நோய் தலைகாட்டும். அக்டோபர், நவம்பரிலேயே தொழுவத்தில் அடைக்கப்பட்டு, உலர்புல்லும் தீவனமும் தின்றுவரும் ஒரு வயதுக் கிடாரிகள் திடீரென்று நீராகக் கழிந்து, எலும்பும் தோலுமாகின்றன. மாதக்கணக்கில் அவை மேய்ச்சல் நிலத்தை மிதித்ததே இல்லை. ஆனால் நோய்க்குக் காரணம் மேய்ச்சல் புல்லோடு உள்ளே போன புழுதான்.

அதன் பெயர் ஆஸ்டர்டேஜியா. தலைமுடி போன்ற பழுப்பு உருளைப்புழு. நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதல் மூன்றும் புல்லை நொதிக்கவைத்துப் பதப்படுத்துபவை. நான்காவதுதான் நம் இரைப்பையைப் போல அமிலம் சுரந்து புரதத்தைச் செரிக்கிறது. புழுவின் குடியிருப்பு அங்கேதான்.

சாணத்தோடு வெளியேறும் முட்டைகள் பொரிந்து, இளம்புழுக்கள் சாணத்திலுள்ள பாக்டீரியாக்களைத் தின்று வளர்கின்றன. மூன்றாம் பருவத்தில் பழைய தோலைக் கழற்றாமல் உறையாகப் போர்த்திக்கொள்கின்றன. இனி தின்ன முடியாது. சேமிப்பில்தான் காலம் தள்ள வேண்டும். ஆனால் பனியையும் வறட்சியையும் தாங்க அந்த உறை உதவுகிறது. மழைநீர் அவற்றைச் சாணத்திலிருந்து புல்லுக்குக் கொண்டுசேர்க்கிறது. வறண்ட கோடையில் சாணம் மேலே காய்ந்து ஓடாகிவிட, உள்ளே ஈரத்தில் அவை காத்திருக்கும். முதல் நல்ல மழையில் மொத்தமாக வெளியே வரும்.

கன்றின் வயிற்றுக்குள் போனதும் உறை கழல்கிறது. புழு, நான்காம் அறையின் சுவரிலுள்ள அமிலச் சுரப்பி ஒன்றுக்குள் நுழைந்து மூன்று வாரம் அங்கேயே வளர்கிறது. வேடிக்கை என்னவென்றால், இது பெரிதாக எதையும் கடித்துக் குதறுவதில்லை. சுரப்பி வீங்குகிறது, அமிலம் சுரக்கும் செல்கள் மறைந்து, முதிராத செல்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (ஏற ஏற அமிலம் குறைவு) 2-ஐ ஒட்டியிருந்தது, 7-ஐ நோக்கி ஏறுகிறது. சுவர் சுரக்கும் பெப்சினோஜென், புரதத்தைச் செரிக்கும் பெப்சினாக மாற அமிலம் வேண்டும். அமிலம் இல்லாததால் புரதம் செரிக்காமல் நகர்கிறது. வேலையற்ற பெப்சினோஜென் தளர்ந்துபோன சுவர் வழியாக இரத்தத்தில் கசிகிறது. மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையில் தேடுவது இதைத்தான். எதிர்த்திசையில் இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் வயிற்றுக்குள் ஒழுகிப் போவதால் தாடைக்கடியில் நீர் கோக்கும். (நம் ஊரில் தாடை வீக்கம் என்றதும் ஆடு வளர்ப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ். அது வெப்பத்தை விரும்பும் உறவுக்காரப் புழு.)

கழிச்சல்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும், எடை இழப்பில் பெரும்பங்கு பசியின்மைக்குத்தான். புல் முன்னாலிருந்தும் கன்று தின்பதில்லை.

முதன்முறை மேய்ச்சலுக்குப் போகும் கன்றுகளுக்கு ஜூலைக்குப் பிறகு வருவது இந்த நேரடி நோய். தொழுவத்துக் கிடாரிகளின் கதை வேறு. இலையுதிர் காலத்தில் குளிர் பட்ட இளம்புழு, சுரப்பிக்குள் நுழைந்ததும் நான்காம் பருவத்தின் தொடக்கத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. அப்போதே வளர்ந்து முட்டையிட்டால், உறைபனியில் அவை பொரிந்து வளர வழியில்லை. வசந்தம் நெருங்கும்போது தூங்கியவை விழிக்கின்றன. ஆயிரக்கணக்கில் ஒரே சமயம் வளர்ந்து வெளிவந்தால் வயிற்றுச் சுவர் தாங்காது. பல கிடாரிகள் பிழைப்பதில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இளம்புழுக்களைக் கொல்வது கோடை வெயில். அங்கே இதே புழு வசந்தத்தில் உள்ளே போய், கோடை முழுவதும் தூங்கி, இலையுதிர் காலத்தில் எழுகிறது. எந்தப் பருவம் தன் குஞ்சுகளுக்கு ஆகாதோ அந்தப் பருவத்தை மாட்டின் வயிற்றுக்குள் கழிக்கிறது.

தூங்கும் புழு முட்டையிடாது என்பதால் சாணப் பரிசோதனையில் அகப்படாது. லெவாமிசோல் போன்ற பழைய மருந்துகளும் அதை எட்டவில்லை. ஜப்பானின் இட்டோ பகுதி மண்ணில் நுண்ணுயிரியலாளர் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து, ஒட்டுண்ணி ஆய்வாளர் வில்லியம் கேம்பெல் குழுவின் உழைப்பால் உருவான ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி 1981-இல் கால்நடைச் சந்தைக்கு வந்தபோது, அந்தத் தூக்கத்துக்கு முடிவு கட்ட முடிந்தது. இருவரும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தொழுவத்தில் அடைக்கும் சமயத்தில் ஒரு முறை கொடுத்தால் வசந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும்.

இவ்வளவு வசதியான மருந்து கிடைத்ததும் பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் காலம் முழுவதும் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு இது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. மருந்தின் மிச்சம் சாணத்தில் இறங்கிச் சாண வண்டுகளைப் பாதிக்கிறது. மருந்துக்குச் சாகாத புழுக்கள் பெருகுகின்றன. போதாக்குறைக்கு, இந்தப் புழுவுக்கு எதிரான நோயெதிர்ப்பு மெதுவாகத்தான், ஒரு மேய்ச்சல் காலம் அதோடு பழகித்தான் வருகிறது. புழுவையே காணாமல் வளர்ந்த கன்று, மறு ஆண்டும் புதுக் கன்றாகவே வயலுக்குப் போகிறது. அதைவிட, புல்லில் புழுக்கள் உச்சம் தொடும் முன், ஜூலை நடுவில், உலர்புல்லுக்காக அறுத்து முடித்த, அந்த ஆண்டு கன்று மேயாத வயலுக்குக் கன்றுகளை மாற்றிவிடுவது மலிவான வழி. மாற்று வயல் இல்லாத சிறு பண்ணைகளுக்குத்தான் சிக்கல்.