எஞ்சின் மாற்றிய வானில் புதுச் சத்தம்

யாழ்ப்பாணத்தில் பழைய டொயோட்டா ஹயஸ் வான் வைத்திருக்கும் பலர் அதை விற்க மனம் வராமல் எஞ்சினை மட்டும் மாற்றுவார்கள். வானின் பொடி, அதாவது உடற்பகுதி, நல்ல நிலையில் இருக்கிறது. உள்ளே படுக்கை, அடுப்பு, அலுமாரி எல்லாம் பூட்டிக் குடும்பத்தோடு கதிர்காமம் வரை போய்வர வசதி செய்தாயிற்று. ஜப்பானில் ஓடிய எஞ்சின் ஒன்றை வாங்கி ஏற்றி, ஸ்டார்ட் செய்தால் முன்பு கேட்காத ஒரு சத்தம். வாங்கிய எஞ்சின் பிழை என்று அப்போதே மனம் சோர்ந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். எஞ்சினோடு சேர்த்து அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், சைலன்சர் குழாய், கிளச், பெல்ட், டீசல் குழாய்கள் எல்லாமே கழற்றிப் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டுகளில் ஒன்றும் சத்தம் போடலாம். 'டக் டக்'கா 'கிர்ர்'ரா என்று பெயர் வைப்பதால் அதிகம் தெரியாது, வேறு வேறு பழுதுகள் ஒரே மாதிரித்தான் தட்டும். அந்தச் சத்தம் எதனோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள்.

முதலில் தாளம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காதபோது, நிமிடத்துக்கு 750 சுற்று ஓடுகிறது என்று வைப்போம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு சுற்று முடிக்க 80 மில்லிசெக்கன் ஆகும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் டீசல் பம்பும் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே அவற்றுக்கு 160 மில்லிசெக்கன். இதைக் காதால் எண்ண முடியாது, கைபேசியால் முடியும். சத்தத்தைப் பதிவு செய்து, அலைவடிவம் காட்டும் செயலி ஒன்றில் விரித்தால் ஒவ்வொரு தட்டலும் ஒரு முள்ளாகத் தெரியும். முள்ளுக்கு முள் 80 என்றால் கிராங்கோடு ஒட்டிச் சுற்றும் முன் கப்பி, பிளைவீல் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். 160 என்றால் வால்வைத் தள்ளும் டப்பெட், டீசலைப் பீச்சும் நொசில், அல்லது ஒரு சிலிண்டரின் புகைவழி மூட்டை அடைக்கும் கஸ்கட்டில் கசிவு. இரண்டுக்கும் பொருந்தாவிட்டால் பெல்ட்டில் ஓடும் ஆல்டனேட்டர், தண்ணீர்ப் பம்ப் பக்கம் திரும்புங்கள். அவற்றின் கப்பி அளவு வேறு என்பதால் வேகமும் வேறு.

டப்பெட்டும் புகைக் கசிவும் ஒரே தாளத்தில் தட்டுவதால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரித்தறிய நீளமான ஸ்குறூ டிரைவர் ஒன்றும் ஒரு துண்டு ரப்பர் குழாயும் போதும். இரும்பில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5000 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் இரும்பை விட்டுக் காற்றுக்குத் தாவும் இடத்தில் அதன் பெரும்பகுதி உள்ளேயே திரும்பிவிடும். டிரைவரின் நுனியை வால்வு மூடியில் வைத்து, பிடியைக் காதை ஒட்டிய எலும்பில் அழுத்தினால் ஒலி காற்றுக்கு வராமலே எலும்பு வழியாக உட்செவிக்குப் போய்விடும். குழாய் இதற்கு எதிர்மாறு, காற்றில் வருவதைத்தான் காதுக்குக் கொண்டுவரும். தட்டல் டிரைவரில் உரத்துக் கேட்டால் டப்பெட். குழாயின் வாயை, புகை எஞ்சினை விட்டு வெளியேறும் மனிஃபோல்ட் ஓரமாக நகர்த்தும்போது ஓரிடத்தில் காதில் அறைந்தால் கசிவு. அங்கே கரியும் படிந்திருக்கும். சுழலும் பெல்ட், காற்றாடிக்குக் கிட்டே மட்டும் கையோ துணியோ போகக் கூடாது.

கிளச்சைக் கண்டுபிடிப்பது சுலபம். நியூட்ரலில் நிறுத்தி, மிதியை அழுத்தும்போது சத்தம் வந்தால் கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அழுத்தும்போது அடங்கி, விட்டதும் திரும்ப வந்தால் கியர்பெட்டியின் முன் தண்டுப் பேரிங். மிதித்தால் அந்தத் தண்டு சுற்றாமல் நின்றுவிடும் அல்லவா? பெல்ட் கீச்சிட்டால் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் பெல்ட்தான்.

வான் முழுவதும் இரைந்து அதிர்வது வேறு விடயம். நேர்வரிசை நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் ஓட்டம் முழுக்கச் சமப்படுவதில்லை. மிஞ்சும் விசை ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறும்: 750 சுற்றில் செக்கனுக்கு 25, 3000 சுற்றில் 100. ரப்பர் மவுண்ட் இதை விழுங்கவேண்டும். மவுண்ட் முறுகியபடி இறுக்கப்பட்டாலோ சைலன்சர் குழாய் சட்டத்தில் முட்டினாலோ உதறல் நேரே தகரத்துக்குப் போய், கூரையும் அலுமாரிக் கதவும் தத்தம் இயல்பான அதிர்வெண் வரும்போது சேர்ந்து இரையும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் எழுந்து, தாண்டியதும் அடங்கும் சத்தம் பெரும்பாலும் இந்த ஒத்ததிர்வுதான். மவுண்ட் போல்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைத் தானாக அமரவிட்டு மீண்டும் இறுக்குங்கள். அதற்கு முன் சட்டி, பானை, காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

டீசலின் 'கட கட' எனக்கு மிகப் பிடித்த பகுதி. இந்த எஞ்சின்களில் காற்று சுமார் 22 மடங்கு அமுக்கப்பட்டுக் கொதிக்கும் சூட்டில் இருக்க, டீசல் உள்ளே பீச்சப்படுகிறது. அது உடனே பற்றாது, ஒரு சிறு தாமதம் உண்டு. பம்பை முன்கூட்டிப் பீச்சும்படி பூட்டிவிட்டால் காற்று இன்னும் போதிய சூடு அடையாததால் தாமதம் நீளும். அதற்குள் சேர்ந்த டீசல் முழுவதும் ஒரேயடியாக எரிய, அழுத்தம் திடீரென எகிறி இரும்பே அதிரும். குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் தட்டல் ஒழுங்கில்லாமல் வரும். கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். பெற்றோல் எஞ்சினின் நொக்கிங்குக்குக் காரணம் நேர்மாறு, பொறியில் பற்றிய சுவாலை வந்து சேருமுன் மிஞ்சிய எரிபொருள் தானாகப் பற்றிவிடுவது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிஜையும் மொறிஸ் மைனரையும் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. தானாகப் பற்றாமல் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்டேன் அளவு மண்ணெண்ணெய்க்குக் குறைவு, ஆகவே தட்டும். அந்தத் தட்டலைக் கேட்டுக் கேட்டே வேலை பழகிய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய காதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நின்ற இடத்தில் பிடிபடாத சத்தத்துக்கு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் நல்ல இடம். நேரான சமதரை, இருபுறமும் கடல்நீர், ஒலியைத் திருப்பியடிக்க மதில் இல்லை. வேகம் எடுத்து, பின்னால் வாகனம் இல்லாதபோது நியூட்ரலுக்குப் போடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து சத்தமும் இறங்கினால் முன்பக்கம் தேடலாம். ரோட்டு வேகத்தோடே தொடர்ந்தால் ரயர், சக்கரப் பேரிங், பின் தண்டு. அப்புறம் மதில் நிறைந்த ஒழுங்கை ஒன்றுக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால், அடியிலிருந்து வரும் சத்தத்தை மதில் காதுக்கே திருப்பி அனுப்பும்.

ஒன்றுக்கு மட்டும் சோதனை செய்துகொண்டு இருக்கக் கூடாது. எஞ்சின் சூடாகச் சூடாகக் கனத்து, சுமை ஏறினால் உரக்கும் ஆழமான தட்டல் அது. கிராங்கும், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கொனெக்டிங் றொட்டும் சேரும் பேரிங்கில் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான், அதை நிரப்புவது ஒயில். தேய்ந்து இடைவெளி கூடினால், சூட்டில் இளகிய ஒயில் நிற்காமல் வழிந்து, இரும்பு இரும்பில் அடிக்கும். டீசல் நொக்கிங் சூடேறக் குறையும், இது கூடும். ஒயில் விளக்கும் எரிந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்தி, வானைக் கட்டியிழுத்து கராஜுக்குக் கொண்டுபோங்கள். கிராங்க் தண்டையாவது காப்பாற்றலாம்.