படகுக்குக் கக்கூஸ்: நிறைந்தால் எங்கே கொட்டுவீர்கள்?

"ஓசூர்ல உக்காந்துக்கிட்டு படகுக்குக் கக்கூஸ் தொட்டி செய்யறியாடா?" என்று என் மாமாவே சிரித்தார். சிரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறெதிலும் ஏறாதவர்கள்தான் அதிகம். நான் ஃபைபர் தொட்டி செய்பவன். வீடு, லேபர் ஷெட், கேரவன் வண்டி என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில், காவேரிப்பட்டணத்து மாம்பழக்கூழ் வியாபாரி ஒருவர் ஆலப்புழையில் சின்னப் படகு வாங்கிவிட்டு என் ஷெட்டுக்கு வந்தார்.

"தம்பி, வீட்ல இருக்கற மாதிரியே வெஸ்டர்ன் ஒண்ணு வெச்சுக் குடு."

"வெச்சுடலாம் அண்ணே. தொட்டி நெறஞ்சா எங்க கொட்டுவீங்க?"

அதுவரை மார்பிள் கலர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார்.

என்னிடம் வருகிற முக்கால்வாசிப் பேர் பீங்கானில் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் வாங்கினால் போதும். முதலில் காலி செய்யும் இடம், அப்புறம் தொட்டி, அப்புறம்தான் உட்காரும் சாமான்.

ஆற்றிலோ காயலிலோ திறந்துவிடும் பேச்சே வேண்டாம். 1974ஆம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற நாம், இன்னொரு ஊர்த் தண்ணீரில் அதையே செய்யக் கூடாதில்லையா? கரையில் இருந்து 12 கடல் மைல் தாண்டினால் விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதி. காயலில் ஓடும் படகுக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

இனி கணக்கு. கைப்பம்பு வைத்த படகுக் கிளாசெட் ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். நாலு பேர், ஆளுக்கு ஆறு தடவை என்றால் நாளைக்கு 60 லிட்டர். சிறுநீரையும் சேர்த்தால் 65 தாண்டும். இரண்டு நாளைக்கு 130 லிட்டர், அதாவது 130 கிலோ. ஓரத்தில் இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பது போல. அதனால்தான் தொட்டியைப் படகின் நடுக்கோட்டில், தாழ்வாக வைக்கிறோம். வீட்டு ஃபிளஷ் டேங்க் 6 லிட்டர் வீதம் விட்டால், இதே தொட்டி ஒரு நாள்கூடத் தாங்காது.

தொட்டி எந்தச் சாமானில்? நல்ல கனமான பாலிஎத்திலீன், இல்லாவிட்டால் ஒழுங்காகச் செய்த ஃபைபர். ஓசூரில் ஸ்டீல் ஷீட் சுலபமாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். சிறுநீர் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் அரிக்கும்.

நாற்றம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதில் மாட்டினேன். ஒரு கேரவனுக்கு மெல்லிய ஓஸில் வென்ட் (தொட்டிக்குக் காற்று வந்துபோகும் குழாய்) கொடுத்து, நடுவில் தொங்க விட்டிருந்தேன். தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொண்டது. காற்றுப் போகாத தொட்டியில் காற்றே வேண்டாத கிருமிகள் பெருகி, அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயுவைக் கிளப்பின. அதோடு போகவில்லை. வண்டி வைத்து உறிஞ்சும்போது உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் தொட்டியின் பக்கவாட்டு உள்வாங்கிவிட்டது. செலவு என் தலையில். இப்போது ஒரு அங்குலத்துக்குக் குறையாத வென்ட், பள்ளமில்லாமல் மேலேறிப் போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஓஸும் நாறும். சூடான ஈரத்துணியை அதன்மேல் சுற்றி, ஆறியதும் மோந்து பாருங்கள். துணியில் வாடை இருந்தால் ஓஸை மாற்ற வேண்டியதுதான். நம் வீட்டுப் பழக்கமான ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் படகில் ஏறவே கூடாது. ரப்பர் வால்வு கெடும், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் ஓட இடமில்லை.

தொட்டி அடைத்தால் யாரையும் உள்ளே தலையை விடச் சொல்லாதீர்கள். அழுகிய முட்டை வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாமலே ஆள் சுருண்டு விழுவார். 2013ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் செப்டிக் டேங்க் கழுவவைப்பது குற்றம். இதை வீட்டுத் தொட்டிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அண்ணன் ஆலப்புழை போய் விசாரித்துவிட்டுப் போன் செய்தார். அவர் படகைக் கட்டி நிறுத்தும் துறைக்குக் கழிவு உறிஞ்சும் வண்டி வர வழியே இல்லையாம். ஆகவே பெரிய தொட்டி கிடையாது. தூக்கிச் செல்லும் பெட்டிக் கக்கூஸ் ஒன்று, அடியில் மாட்டும் 20 லிட்டர் தொட்டி கூடுதலாக ஒன்று. நிறைந்ததும் கரையில் அவர் எடுத்திருக்கும் வாடகை வீட்டுக் கக்கூஸில் ஊற்றுவார். அங்கே செப்டிக் டேங்க் இருப்பதால் வாடைக்காகப் பெட்டியில் ஊற்றும் ஃபார்மலின் கலந்த மருந்தை வாங்க வேண்டாம் என்றேன். அது செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் கிருமியையும் கொன்றுவிடும்.

"20 கிலோவ பலகை மேல தூக்கிக்கிட்டு நடக்கணுமே தம்பி" என்றார்.

"முக்கால் நெறையறப்பவே எடுத்துருங்க அண்ணே."

பெட்டி நகராமல் இருக்க இரண்டு பெல்ட்டும் தரையில் நாலு கொக்கியும் செய்துகொடுத்தேன். மார்பிள் கலர் கிடைக்கவில்லை, சாம்பல் நிறம்தான்.