கீழ்ச்சுரம் கனம் கேட்பதில்லை: வேரா சௌகுபோவாவும் காண்ட்ரால்டோ குரலும்

தாழ்ந்த குரலோடு ஒரு பெண் மேற்கத்திய இசை படிக்க வந்தால், முதல் மாதத்திலேயே "நீ காண்ட்ரால்டோ" என்று முத்திரை குத்திவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. பெண் குரல்களில் மிகத் தாழ்ந்தது அது, கிடைப்பதும் அரிது. முத்திரை வாங்கியவர்களில் பலர் உண்மையில் மெட்சோ, அதாவது அதற்கு மேலே உள்ள நடுத்தரப் பெண் குரல். சிலருக்கோ குரல் தாழ்ந்திருப்பதே நோயின் அறிகுறி. புகைப்பழக்கத்தால் குரல் நாண்களின் மேலுறைக்கு அடியில் நீர் கோத்து வீங்கினால் குரல் தடித்து இறங்கும். கருப்பை உள்சவ்வு நோய்க்குத் தரப்படும் டானசோல் போன்ற மருந்துகளாலும் இறங்கும். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் பழைய குரல் திரும்புவதில்லை. அதனால் சமீபத்தில் இறங்கிய குரலுக்கு வகை சொல்லும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (குரல் நாண்களின் அதிர்வைப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட வேண்டும். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படித்தான்.

வகை சொல்ல எவ்வளவு கீழே போக முடிகிறது என்று பார்ப்பது தவறான அளவுகோல். காலையில் தூங்கி எழுந்ததும் யாருக்கும் கீழ்ச்சுரம் கிடைக்கும். ஒரு மணி நேரம் பாடியும் களைக்காமல் குரல் எந்தப் பகுதியில் தங்குகிறது, நெஞ்சுக்குரல் (நெஞ்சில் அதிர்வது போல உணரும் தடித்த கீழ்க்குரல்) எந்த இடத்தில் மாற விரும்புகிறது, நடுப்பகுதியின் நிறம் என்ன: இவைதாம் கேள்விகள். முப்பது வயதை நெருங்கும்வரை இவற்றுக்கு உறுதியான பதில் கிடைக்காமல் போகலாம்.

ஒரு தாழ்குரல் எப்படி முறையாக வளர்ந்தது என்று பார்க்க செக் நாட்டின் வேரா சௌகுபோவா நல்ல உதாரணம். 1932-ல் பிராகில் பிறந்தவர். 1957 முதல் 1960 வரை பில்சன் நகர நாடக அரங்கில் பாடினார், பிறகுதான் பிராக் தேசிய அரங்கு. 1963-ல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த சர்வதேசப் பாட்டுப் போட்டியில் வென்றார். 1966-ல், ஜெர்மனியில் வாக்னர் படைப்புகளுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவில் கார்ல் போம் நடத்திய வாக்னர் இசை நாடகங்களில் பூமித்தாய் எர்டாவாகப் பாடினார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: தலைநகரின் பெரிய மேடைக்கு முன் மூன்று வருடம் சிறிய அரங்கு. குழுவோடு நிரந்தரமாக இருந்து, இன்று ஒரு வேடம், நாளை மறுநாள் வேறொன்று என்று பாடும் முறை அங்கே உண்டு. குரலை ஒரே வேடத்தில் தேய்த்துவிடாமல் பழக்க அதைவிடத் தோதான இடம் குறைவு.

வேடங்கள் என்ன? பாட்டி, சூனியக்காரி, தாய், பூமித்தாய். காண்ட்ரால்டோவுக்குக் காதலி வேடம் வருவது அபூர்வம். ஸ்மெத்தனாவின் 'ரகசியம்' இசை நாடகத்தில் முதிர்ந்த பன்னா ரோசா முதன்மைப் பாத்திரமாக வருவது செக் இசையில் ஒரு நல்ல விதிவிலக்கு. யானாச்செக்கின் 'யெனூஃபா'வில்தான் பொறி இருக்கிறது. அதில் பாட்டி புரியோவ்கா தாழ்குரலுக்கு எழுதியது. வளர்ப்புத்தாய் கொஸ்டெல்னிச்காவோ நாடகக் கனமுள்ள பெரிய பாத்திரம். 'கனமான வேடம், கனமான குரல்' என்று நினைத்து அதற்குத் தாவுகிறவர்கள் உண்டு. ஆனால் அது பெண் குரல்களில் மிக உயர்ந்ததான சோப்ரானோவின் உயரத்தில் எழுதப்பட்டது. ஓரிரு சீசன் தாக்குப்பிடிக்கலாம், பிறகு குரலில் ஆட்டம் தெரியும்.

இனி நெஞ்சுக்குரல். நடு சி-க்கு (பியானோவின் நடுவில் உள்ள சி) கீழே உள்ள ஜி, நம் கணக்கில் ஐந்து கட்டை, 196 ஹெர்ட்ஸ். ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் செல்லோவும் பசூனும் டிரம்போனும் குடியிருக்கும் இடம் அது. அங்கே பலத்தைக் கூட்டி ஜெயிக்க முடியாது. கேட்பவர் காதுக்குப் போய்ச் சேருவது பாடும் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும், 2,800 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மேலொலிகள். இசைக்குழு அந்த உயரத்தில் அவ்வளவு அடர்த்தியாக இல்லை. குரலை இருட்டாக்கி, நாக்கின் வேரை அமுக்கி 'ஓ' என்று உருட்டினால் அந்த மேலொலிகள் செத்துப்போகும். பாடகிக்குத் தன் தலைக்குள் பிரமாண்டமாகக் கேட்கும், பத்தாவது வரிசையில் ஒன்றும் இருக்காது. நெஞ்சுக்குரலை நடு சி-க்கு மேலே ஈ, எஃப், ஜி வரை இழுத்துக்கொண்டு போனால் இன்னொரு கேடு: கழுத்துத் தசைகள் இறுகும், அதற்கு அடுத்த நாலைந்து சுரங்களில் பள்ளம் விழும், சுருதி இறங்கும்.

மாற்று, மேலிருந்து கீழே வருவது. நடு சி-க்கு மேலே உள்ள பி ஃபிளாட்டில் தொடங்கி, 'ஊ' என்ற உயிரில் ஐந்து சுரம் இறங்கு, பிறகு அரைச் சுரம் தாழ்த்தி மறுபடி. ஒலியளவு நடுத்தரம். நடு சி-க்குக் கீழே உள்ள ஏ சுரத்தையும் தாண்டி இறங்கும்போது காற்றழுத்தத்தைக் குறைத்து, உயிரொலியை 'ஏ' என்ற உயிரின் பக்கம் வெளிச்சமாக்க வேண்டும். நெஞ்சுக்குரல் பயிற்சி நாளுக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கச்சேரி மேடையில் காண்ட்ரால்டோவைக் கவிழ்ப்பது காத்திருப்பு. சிலுவையடியில் நிற்கும் மரியாளின் துயரைச் சொல்லும் லத்தீன் துதிக்கு த்வோர்ஷாக் இசையமைத்த 'ஸ்டாபாட் மாட்டர்' நல்ல சான்று. குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த துயரத்தின் நடுவே அவர் 1877-ல் முடித்த படைப்பு. 1880-ல் பிராகில் முதலில் ஒலித்தது. ஸ்மெட்டாச்செக் நடத்த, செக் பில்ஹார்மோனிக்கோடு சௌகுபோவா 1961-ல் இதைப் பதிவு செய்தார். பத்துப் பகுதிகள். முதல் இரண்டில் ஆல்ட்டோவுக்கு (காண்ட்ரால்டோ பாடும் தாழ்குரல் பகுதி) பாட்டு உண்டு, அதன்பின் எட்டாவது முடியும்வரை இல்லை. ஏறக்குறைய நாற்பது நிமிடம் விளக்கொளியில், பார்வையாளர் முன்னால், முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பதாவது பகுதி முழுக்க அவருடையது: டி மைனரில், கம்பீரமான நடையில் 'இன்ஃப்லாமாத்துஸ்'.

அந்த நாற்பது நிமிடத்தில் தொண்டையின் சூடு ஆறிவிடும். மேடையில் முனகிப் பார்க்கவும் முடியாது. செய்யக்கூடியவை சிறியவை: அறை வெப்பத்தில் தண்ணீர் ஒரு மடக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. உதடு மூடி, தாடையைத் தளர்த்தி, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்திருப்பது. விலா விரியும்படி சத்தமில்லாத மூச்சு. தோள்பட்டை இறுகியிருக்கிறதா என்று எட்டாவது பகுதியின் நடுவில் பார்த்துக்கொள்வது. எழுந்தவுடன் முதல் சொல்லை உரக்கத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 'இன்ஃப்லாமாத்துஸ்' என்ற அந்தச் சொல்லிலுள்ள 'ன்', 'ம்' இரண்டும் வரம். அவற்றில் ஒரு கணம் தங்கினாலே குரல் தானாக முன்னுக்கு வந்துவிடும்.

எர்டாவின் நிலை இன்னும் மோசம். அவள் வரும் வாக்னரின் 'ரைன் பொன்' இடைவேளையே இல்லாமல் இரண்டரை மணி நேரம். எர்டா மேடைக்கு வருவதற்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடிவிடும்; பாடுவதோ ஐந்தாறு நிமிடம். பல தயாரிப்புகளில் மேடைக்கு அடியிலிருந்து எழ வேண்டியிருப்பதால் குளிரும் தூசியும் வேறு. வீட்டிலேயே குரலைத் தயார் செய்துவிட்டு வந்தால் அது அதற்குள் வீண். நுழைவுக்கு இருபது நிமிடம் முன்பு, ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு உறிஞ்சுகுழல் விட்டு, அதன் வழியே ஐந்து நிமிடம் குரல் கொடுப்பது நல்ல பலன் தரும். குமிழிகள் சீராக வந்தால் காற்றும் சீராக இருக்கிறது என்று பொருள். பைராய்டில் இசைக்குழு மேடைக்கு அடியில் கூரை போட்ட பள்ளத்தில் உட்காருவதால் தாழ்குரலுக்கு ஓரளவு இரக்கம் கிடைக்கிறது. திறந்த பள்ளமுள்ள அரங்கில் அதே அளவில் பாடினால் எடுபடாது என்று பயந்து அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

மொழிக்கும் தயாராக வேண்டும். செக்கில் நம்மைப் போலவே குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். இரண்டும் தனித்தனி விஷயம். அழுத்தம் விழும் அசையை நீட்டிவிடுவது வெளிநாட்டார் செய்கிற முதல் பிழை. த்வோர்ஷாக்கின் 'ருசால்கா' இசை நாடகத்தில் சூனியக்காரி யெஜிபாபாவின் மந்திரம் 'ச்சுரி முரி ஃபுக்'. ஐந்து அசையும் குறில். குரலழகைக் காட்ட ஆசைப்பட்டு இழுத்தால் மந்திரம் தாலாட்டாகிவிடும். வாட்ஸ்லாவ் நொய்மன் நடத்தி 1980-களின் தொடக்கத்தில் வந்த பதிவில் இதைப் பாடியவர் சௌகுபோவா. அப்போது அவருக்கு வயது ஐம்பது. மெய்யெழுத்துகள் தெறிக்கின்றன, சூனியக்காரி என்பதற்காகத் தொண்டையை நெரித்த இடம் எங்கும் கேட்கவில்லை.