தாத்தாவின் படகை அரிப்பது யார்?

"1950களில் வாங்கிய அலுமினியப் படகு, மாமனார் வீட்டில் கைமாறிக் கைமாறி இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்களே, அப்புறம் ஏன் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து ஓட்டை விழுந்திருக்கிறது?" மிச்சிகனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, போர் விமானம் கட்டிய க்ரம்மன் நிறுவனம் அதே அலுமினியத் தகட்டையும் ரிவிட்டையும் கொண்டு கேனூ படகு செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்து அலுமினியப் படகுகள் பேரன் காலம் வரை தாங்கக் காரணம், காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் தானாகவே உருவாகும் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும்.

ஆனால் ஸ்க்ரூ இரும்பு. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே தண்ணீர் இருந்தால் அது பள்ளியில் படித்த மின்கலம்தான். அலுமினியம் விடும் எலக்ட்ரானை இரும்பு வாங்கி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றும். எலக்ட்ரானை இழந்த அலுமினியம் கரைந்து ஹைட்ராக்சைடாகப் படியும். அந்த வெள்ளைப் பொடி அதுதான்.

செம்பு இன்னும் மோசம். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். செம்பு தொடக்கூட வேண்டாம். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு பழைய சென்ட் காசு கிடந்தால் போதும். 1982 வரை அந்தக் காசில் பெரும்பாலும் 95 சதவீதம் செம்பு. அதிலிருந்து கரையும் துளியூண்டு செம்பு அயனிகள் நகர்ந்துபோய், அலுமினியத்தின் மேல் மறுபடி உலோகச் செம்பாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி மின்கலம். பக்கத்திலேயே ஊசி குத்தினாற்போலக் குழி இறங்கும். பாய்மரம் நடும் இடத்தில் காசு வைப்பது மேற்கத்தியக் கப்பல்காரர்களின் பழைய சம்பிரதாயம். மரக்கப்பலில் யாருக்கும் நஷ்டமில்லை. அலுமினியப் படகில் அதிர்ஷ்டத்துக்குச் செப்புக்காசு போடுவது, என்னைக் கேட்டால், காசு கொடுத்து ஓட்டை வாங்குவது.

சரி, இனி வேலை. படகைத் தரையில் ஏற்றி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே கசியும் ரிவிட்டைச் சாக்பீஸால் குறித்து, அலுமினிய ரிவிட்டாலேயே மாற்றுங்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், துகள் பதிந்துவிடும். மோட்டார் மாட்டும் பின்பலகைக்குச் செம்பு மருந்து ஏற்றிய மரம் வேண்டாம். அடிப்பக்கத்துக்குச் செம்பு கலந்த பெயிண்ட்டும் வேண்டாம்.

படகு தண்ணீரிலேயே கிடக்கப்போகிறதா? 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன வழி இருக்கிறது: எலக்ட்ரானை இன்னும் எளிதில் விடும் உலோகத்தை ஒட்டவைத்து, அதைக் கரையவிடுவது. ஏரிக்கு மெக்னீசியக் கட்டி, கடலுக்குத் துத்தநாகம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அழகுக்காக அதன் மேலும் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.