ரயிலின் தாளமும் பாலத்தின் அதிர்வும்

பாலத்தின் மேல் நிற்கும் ரயில் தன் எடையை மட்டுமே அதன்மீது ஏற்றுகிறது. தூலம் சற்று வளையும். அதன் அடிப்பகுதி இழுபடும், மேற்பகுதி அமுங்கும். இதனால் தூலத்தின் உள்ளே எழும் விசையை, அதாவது தகைவைக் கணக்கிடுவது எளிது. ரயில் ஓடத் தொடங்கினால் கணக்கு சிக்கலாகிவிடும்.

இதை உணர்த்த ஒரு விபத்து தேவைப்பட்டது. 1847 மே 24 அன்று இங்கிலாந்தின் செஸ்டரில், டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்புத் தூலம் ரயில் கடக்கும்போது முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். வடிவமைத்தவர் அக்காலத்தின் புகழ்பெற்ற பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன். பிறகு அரசு அமைத்த ஆணையத்துக்காக கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ் இரும்புச் சட்டங்களின் மேல் பாரவண்டியை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டுப் பார்த்தார். எடை மாறவில்லை, வேகம் கூடியபோது சட்டம் கூடுதலாக வளைந்தது. அதற்கான கணிதத்தை 1849இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் எழுதினார்.

பாலத்துக்கென்று இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு; அசைத்துவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதுதான் அது. ஒரு பாலம் நொடிக்கு 4 முறை அதிரக்கூடியது என்று கொள்வோம். அதன்மேல் 25 மீட்டர் நீளப் பெட்டிகள் கொண்ட ரயில் வருகிறது. அடுத்தடுத்த பெட்டிகள் இணையும் இடத்தில் சக்கரங்கள் நெருங்கி இருப்பதால், 25 மீட்டருக்கு ஒருமுறை பாலத்தில் ஓர் அழுத்தம் விழும். மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் அந்த அழுத்தங்கள் நொடிக்கு நான்கு. ஒவ்வொன்றும் முந்தைய அதிர்வோடு சேர்ந்து அதை வளர்க்கும். இதுதான் ஒத்ததிர்வு. பாதி வேகமான 180 கி.மீ.யிலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை; அப்போது இரண்டு அதிர்வுக்கு ஓர் அழுத்தம் வந்து சேரும். ரயில் எவ்வளவு நீளமோ, அதிர்வு வளர அவ்வளவு வாய்ப்பு. பொருளின் உள்உராய்வும் இணைப்புகளின் உராய்வும்தான் ஆற்றலை உறிஞ்சி அதற்கு எல்லை கட்டுகின்றன.

இவ்வளவு அதிர்ந்தாலும் பாலம் உடையாமல் இருக்கலாம்; தண்டவாளத்தின் அடியிலுள்ள ஜல்லி அந்த அளவுக்குத் தாங்காது. அதிர்வின் முடுக்கம் மிகுந்தால் கற்களுக்கிடையிலான பிடிப்பு தளர்ந்து பாதை நிலைகுலையும். அதனால் ஐரோப்பிய விதிகள் ஜல்லிப் பாதையுள்ள பாலத்தின் செங்குத்து முடுக்கத்தை 3.5 மீ/நொடி² என்று கட்டுப்படுத்துகின்றன. அதிவேக ரயில்களுக்கான பாலங்களில் வலிமையைவிட இந்த எல்லையே பலமுறை வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது.

தேய்ந்து தட்டையான சக்கரம், தண்டவாள இணைப்பின் இடைவெளி ஆகியவையும் தங்கள் பங்குக்கு அடி கொடுக்கும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது உலோகச் சோர்வு. ஒருமுறை வந்தால் எந்தத் தீங்கும் செய்யாத தகைவுகூட, லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் பற்றவைப்பின் ஓரத்திலோ ரிவெட் துளையிலோ நுண்விரிசலைத் தொடங்கிவைக்கும். நீளமான முதன்மைத் தூலத்துக்கு ரயில் முழுவதும் கடப்பது ஏறத்தாழ ஒரே பெரிய ஏற்ற இறக்கம். தண்டவாளத்தை நேரடியாகத் தாங்கும் குட்டைத் தூலங்களோ ஒவ்வொரு சக்கர அச்சையும் தனித்தனியே உணர்கின்றன. ஒரே ரயில் அவற்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சுழற்சிகளைத் தந்துவிடலாம். பழைய எஃகுப் பாலங்களைச் சோதிப்பவர்கள் பெரிய தூலங்களோடு நின்றுவிடாமல், இந்தக் குட்டைத் தூலங்களின் இணைப்புகளையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது இதனால்தான்.