மாசிக்காய் எந்த மரத்தில் காய்க்கிறது?

அண்ணனின் மகள் பிள்ளை பெற்று உவர்மலை வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு வாங்க நான்தான் திருகோணமலைச் சந்தைப் பக்கம் போனேன். வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று எழுதிக்கொண்டு போன தாளில் கடைசி வரி "மாசி 5" என்று சுருக்கமாக இருந்தது. கடைப் பையன் அதைப் படித்துவிட்டு, "மாசி அடுத்த கடையில் இருக்கிறது அம்மா" என்றான். அவன் சொன்னது சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு. உள்ளே இருந்த முதலாளி எட்டிப் பார்த்து, "மாசிக்காய் கேட்கிறார், எடுத்துக் கொடு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துக் கேட்டாள்: "மாமி, இது எந்த மரத்துக் காய்?"

நல்ல கேள்வி. அதற்குச் சரியான விடை, எந்த மரத்துக் காயும் இல்லை என்பதுதான்.

கிரேக்கம், துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் பக்கங்களில் வளரும் ஒரு சிறிய ஓக் மரம் இருக்கிறது. தாவரவியலில் அதன் பெயர் குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா. குளவி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சியொன்று அதன் இளந்தளிர் மொட்டில் முட்டையிடுகிறது. முட்டையைச் சுற்றி மரத்தின் திசு வீங்கி, உருண்டு, இறுகுகிறது. உள்ளே புழு அந்தத் திசுவையே தின்று வளர்ந்து, குளவியாகி, ஓட்டைத் துளைத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. அந்த வீக்கம்தான் மாசிக்காய். நான் ஒன்றை அம்மிக்குழவியால் தட்டி உடைத்தேன். நடுவில் கடுகு கொள்ளும் அளவுக்கு ஒரு சிறு அறை, அதில் உலர்ந்த பொடிபோல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விதை இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் வாயில் மூன்று மாசி இருக்கிறது. மாதப் பெயரான மாசி, மக நட்சத்திரத்தோடு சேர்ந்த மாகம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கருவாட்டு மாசி மாலைதீவிலிருந்து வந்தது. அவர்கள் மொழியில் மஸ் என்றால் மீன். மாசிக்காயின் மாசிக்கு இந்த இரண்டோடும் உறவில்லை. பாரசீகத்தில் இந்த வீக்கத்துக்கு மாஸூ என்று பெயர், இந்தியில் மாஜூ. சரக்கு விளையும் நிலமும் அது வந்த வழியும் அந்தப் பக்கமே என்பதால், பாரசீகச் சொல்லே நம் நாவில் மாசி ஆனது என்று கொள்வதுதான் பொருத்தம். ஆகவே "மாசி மாதத்தில் காய்ப்பதால் மாசிக்காய்" என்று யாராவது விளக்கம் சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள்.

"காய்" என்ற பின்பாதி மட்டும் நாம் சேர்த்தது. உருண்டையாக, கடினமாக, மரத்திலிருந்து வந்ததைக் காய் என்றார்கள். மருத்துவச் சரக்குகளில் இப்படி இன்னும் உண்டு. கடுக்காய்ப்பூ என்று விற்கப்படுவது பூ அன்று. கடுக்காய் மரத்தின் இலையில் பூச்சியால் உண்டாகும் புடைப்பு. கற்கடகசிங்கியும் அப்படியே ஒரு புடைப்பு. கொம்புபோல் நீண்டிருப்பதால் சிங்கி. தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. இவற்றையெல்லாம் ஒன்றாகக் குறிக்க ஒரு பொதுச்சொல் வேண்டுமென்றால் "மரக்கழலை" என்று சொல்லலாம். கழலை என்றால் உடம்பில் எழும் கட்டி என்பது எல்லோருக்கும் தெரியும்; மரத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

மரத்தின் பெயர்தான் பெரிய குழப்பம். இலங்கைக் காட்டில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். ஆங்கிலத்தில் சிலோன் ஓக் எனப்படுவதோ நம் வறண்ட காட்டுக் கூழாமரம். அது றம்புட்டானுக்கு உறவு. உண்மையான ஓக்குக்கு விவிலியத் தமிழில் "கர்வாலி" என்று பெயர். தாவீதின் மகன் அப்சலோம் ஏறிவந்த கோவேறு கழுதை ஒரு பெரிய கர்வாலி மரத்தின் கீழே போனபோது அவன் தலை கிளையில் மாட்டிக்கொண்டதாக அதில் வருகிறது. ஆனால் தனிக்குறிலை அடுத்து ரகர மெய் வராது என்பது தொல்காப்பிய விதி. அதனால் "கருவாலி" என்று எழுதுவதே தமிழ் ஒலிக்கு இசைவானது. நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தக் குறிப்பிட்ட இனத்தை மாசிக்காய்க் கருவாலி என்றால் எவருக்கும் விளங்கும்.

ஐரோப்பியருக்குக் கருவாலி என்றால் முதலில் கப்பல். அந்த மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு 1817இல் கடலில் இறங்கியது. இன்றும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது.

மாசிக்காயின் பயனெல்லாம் அதன் துவர்ப்பில் இருக்கிறது. எடையில் பாதிக்கும் மேல் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கும். அதனால் தோல் பதனிட்டார்கள், துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். பல நூற்றாண்டுகள் ஐரோப்பா எழுதிய மையும் இதுதான்: மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி என்ற இரும்பு உப்பு, கருவேலம் பிசின். நான் மாசிக்காய் உரைத்த நீரில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தேன். சற்று நேரத்தில் வெளிர்பழுப்பு நீர் கருநீலமாகிவிட்டது. கேலிக் அமிலத்தின் பெயரிலும் இந்தக் கழலைதான் இருக்கிறது. இலத்தீனில் அதற்குக் கல்லா என்று பெயர்.

நம் வீடுகளில் ஈறு வீக்கத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் இதைப் பொடித்து வாய் கொப்பளிப்பார்கள். வசம்பு, கடுக்காய், சாதிக்காயோடு கல்லில் உரைத்துக் குழந்தையின் நாவில் தடவும் வழக்கமும் இருந்தது. மருமகளுக்கு அதை மட்டும் வேண்டாம் என்றேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். துளையில்லாமல், கருநீலமோ கரும்பச்சையோ கலந்து, கைக்குக் கனமாக இருப்பது குளவி வெளியேறுமுன் பறித்தது, துவர்ப்பு மிகுந்தது. வெளுத்து, இலேசாக, ஊசித்துளையோடு இருந்தால் குளவி போய்விட்டது.